மதிலில் ஏறிய பிறந்தநாள் கொடி

இரண்டு வருடத்துக்கு முன், செப்டெம்பர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், கோப்பன்ஹேகனில் நான் வேலை செய்யும் கந்தோரின் கூட்ட அறையில் இது நடந்தது. நடந்தது என்று சொல்வதும் முழுச் சரியில்லை. நாங்கள் இங்கே பணிசும் வெண்ணெயும் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தோம். நடந்ததெல்லாம் வேறொரு நாட்டில், வேறு ஆட்களுக்கு.

எந்த நாடு என்று எழுதப் போவதில்லை. ஏன் என்று வாசிக்கும்போது உங்களுக்கே விளங்கும். கிழக்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. தலைநகரில் அரசாங்கம் இருக்கும். மற்ற ஊர்களில் யாருடைய சொல் செல்லும் என்பது வாரத்துக்கு வாரம் மாறும். அப்படி ஓர் ஊரில், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட இளம் ஆட்களுக்குத் தொழில் பழக்கி வேலையும் தேடிக் கொடுக்கும் நிலையம் ஒன்றுக்கு எங்கள் அமைப்பு டென்மார்க்கிலிருந்து உதவுகிறது. தையல், சூரிய மின்சாரம் பூட்டுவது, தொலைபேசி திருத்துவது, இவ்வளவும்தான் பாடம். பெரிய அமைப்பு இல்லை. எல்லோரையும் ஒரு மேசையைச் சுற்றி இருத்திவிடலாம்.

அதில் என் வேலை சாமான் வாங்குவது, பெட்டி கட்டுவது, அனுப்புவது. அகதியாக வந்த என் பிள்ளை இப்போது இன்னொரு நாட்டுப் பிள்ளைகளுக்கு உதவி செய்கிறாள் என்று அம்மா கோயிலில் காண்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். உண்மையில் பாதி நாள் எனக்குச் சுங்கக்காரரோடு மல்லுக்கட்டல். வீட்டில் எனக்கு வாய் நீளம் என்று பெயர். கந்தோரில் நான் பூனை மாதிரி. கூட்டங்களில் எல்லோரும் கருத்துச் சொல்லி முடியும்வரை கோப்பியைக் குடித்துக்கொண்டு இருந்துவிட்டு எழும்பி வந்துவிடுவேன்.

அங்கே நிலையத்தை நடத்துபவர் கிட்டத்தட்ட என் வயதுப் பெண். முன்பு ஆசிரியையாக இருந்தவர். கணவர் இல்லை. அவரைப் பொறுப்பாளர் என்றே சொல்கிறேன். வாரத்தில் ஒருநாள் நாங்கள் தொலைபேசியில் கதைப்போம். ஊசி முடிந்துவிட்டது, மீற்றர் ஒன்று உடைந்துவிட்டது என்று தொடங்கும் கதை, பிள்ளைகளின் காய்ச்சல், மாமியாரின் குணம் என்று எங்கேயோ போய் முடியும். இரண்டு பேருடைய ஆங்கிலமும் ஒரே அளவு மோசம் என்பதால் வெட்கம் இல்லாமல் கதைக்க முடிந்தது. என்னை அவர் ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார்.

அந்த நிலையத்துக்குப் பெயர்ப் பலகை கிடையாது. சாம்பல் நிறக் கேற், வெறும் மதில். ஊருக்கு வெளியே போகும் தெருவை ஓர் ஆயுதக் குழு பிடித்து வைத்திருந்தது. வெளிநாட்டுக் காசில் பெண்பிள்ளைகள் படிப்பது அவர்களுக்குப் பிடிக்காது. அதனால் பலகை வேண்டாம், எங்கள் அமைப்பின் சின்னம் வேண்டாம், சின்னம் ஒட்டிய வாகனம் எதுவும் வாசலுக்கு வரவேண்டாம் என்று பொறுப்பாளர் ஆரம்பத்திலேயே கேட்டிருந்தார். நாங்களும் ஒத்துக்கொண்டோம். ஊராருக்கு அது அவருடைய தையல்கடை.

இனிக் கொடிக் கதைக்கு வருகிறேன். டென்மார்க்கில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த நாட்டவர்களுக்குத் தங்கள் கொடி என்றால் பிறந்தநாள்தான் நினைவுக்கு வரும். கேக்கில் குட்டிக் கொடி குத்துவார்கள், மேசையில் கொடி நடுவார்கள், விமான நிலையத்தில் அத்தையை வரவேற்கப் போனாலும் கையில் கொடி. பூனைக்குப் பிறந்தநாள் என்று கொடி கட்டிய வீட்டை நான் ஹ்விடோவ்ரே என்ற புறநகரில் என் கண்ணால் கண்டேன். நாங்கள் புதிதாக வீடு வாங்கிப் போனபோது பக்கத்து வீட்டு வேலி முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாக இருந்ததைப் பார்த்து, மகாராணி வருகிறாவோ என்று என் கணவர் சட்டையை மாற்றிக்கொண்டு வெளியே வந்தார். அங்கே பெடியன் ஒருவனுக்கு ஐந்து வயதாம். பிறகு எங்கள் வீட்டிலும் அந்தப் பழக்கம் தொற்றிவிட்டது. வடைத் தட்டுக்குப் பக்கத்தில் கொடி. அதை ஒரு நாட்டின் கொடி என்று யாரும் யோசிப்பதே இல்லை.

எங்கள் கந்தோரில் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஒரு டேனிஷ்காரர் இருந்தார். மனிதர் தங்கம். யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் கேக் சுட்டுக்கொண்டு வருவார். நிலையத்தின் முதல் தொகுதி மாணவர்கள் படிப்பு முடித்துச் சான்றிதழ் வாங்கப் போகிறார்கள் என்றதும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் கட்டி வைத்த கருவிப் பெட்டியைத் திறந்து, காகிதக் கொடிகள் கொஞ்சமும் நூலில் கோத்த கொடி மாலை ஒன்றும் மேலாக வைத்துவிட்டார். ஒரு வரி எழுதியும் வைக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை அது பலூன் வைத்தது மாதிரி. பெட்டி போய்ச் சேர்ந்து பல நாட்களான பிறகுதான் சிரித்துக்கொண்டு எனக்கே சொன்னார். எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. பிள்ளைகளுக்கு விளையாட்டாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சான்றிதழ் கொடுக்கும் காலை வந்தது. அங்கேயிருந்து நேரடியாக வீடியோவில் காட்டுவதாக ஏற்பாடு. கூட்ட அறையில் எல்லோரும் கூடிவிட்டோம். பணிஸ், சீஸ், ஜாம், கோப்பி. திரையில் முதலில் பொறுப்பாளரின் முகம் மிகக் கிட்டத் தெரிந்தது. பிறகு போனைத் தையல் வகுப்புப் பிள்ளை ஒருத்தியிடம் கொடுத்தார். அவளுக்குப் பதினெட்டுப் பத்தொன்பது இருக்கும். வகுப்பில் எல்லோருக்கும் இளையவள். அவள் போனைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகக் காட்டினாள். சுவர் முழுக்கக் காகிதக் கொடிகள். தையல் மெஷின் ஒவ்வொன்றின் தலையிலும் ஒன்று. எங்கள் மேசையில் எல்லோரும் ஒரே குரலில் ‘ஹுகெலி’ என்றார்கள். இதமாக, மனதுக்கு நெருக்கமாக இருக்கிற எல்லாவற்றுக்கும் இங்கே அந்த ஒரு சொல்தான். நானும் கைதட்டினேன்.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை கேற்றைத் திறந்துகொண்டு தெருவுக்கு வந்தாள். போனைத் திருப்பி மதிலைக் காட்டினாள்.

மதிலில் ஒரு கட்டில் விரிப்பைவிடப் பெரிய டேனிஷ் கொடி தொங்கிக்கொண்டிருந்தது. சிவப்புத் துணியில் வெள்ளைத் துணியால் சிலுவை வைத்து வடிவாகத் தைத்திருந்தார்கள். கேற்றுக்கு மேலே கொடி மாலை. தெருவின் அந்தலையில் நின்றாலும் தெரியும். அந்தப் பிள்ளை போனுக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். எனக்குப் பக்கத்தில் இருந்த தங்கமான மனிதர் கண்ணைத் துடைத்தார்.

ஒரு கட்டடத்தின் மேல் என்ன துணி பறக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்தால் போகலாமா வேண்டாமா என்று தீர்மானித்து வளர்ந்தவள் நான். அதோடு அந்தக் கோடைகாலம் எப்படிப்பட்டது என்பதும் எனக்குத் தெரியும். கோப்பன்ஹேகனில் சிலர் வெளியில் நின்று முஸ்லிம்களின் வேதப் புத்தகத்தை எரித்த செய்தி உலகம் முழுக்கப் போயிருந்தது. எத்தனையோ ஊர்களில் அந்தச் சிவப்பு வெள்ளைக் கொடியைத் தெருவில் போட்டு மிதித்தார்கள். அந்த நேரத்தில் அந்தக் கொடியை, முஸ்லிம்கள் வாழும் அந்த ஊரில், வெறும் மதிலாக இருந்ததால் மட்டும் தப்பித்துக்கொண்டிருந்த ஒரு மதிலில் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

அதைக் கழற்றச் சொல்லுங்கள் என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் பெரிதாகச் சொன்னேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் தலைவி நல்ல பெண், யாருடைய பேச்சையும் வெட்டமாட்டார். நான் சொன்னது முக்கியமான விஷயம், எல்லோருடைய கருத்தையும் கேட்போம் என்றார். மேசையைச் சுற்றிக் கருத்து வரத் தொடங்கியது. அது அவர்களுடைய விழா, அவர்களுடைய முடிவு, இங்கேயிருந்து கட்டளை போடுவது பழைய வெள்ளைக்கார எசமான் புத்தி என்றார் ஒருவர். ஊர் நிலைமை எங்களைவிட அவர்களுக்குத்தான் தெரியும் என்றார் இன்னொருவர். சொன்னதில் எதுவும் பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொருவரும் பேசி முடிக்கும்வரை அந்தத் துணி அங்கே தெருவைப் பார்த்துக்கொண்டு தொங்குகிறது. நான் எழும்பி நின்றுவிட்டேன்.

“இங்கே அது அலங்காரம். அங்கே அது கொடி,” என்றேன். டேனிஷ் மொழியில் நான் அவ்வளவு சத்தமாக அதற்கு முன் பேசியதில்லை.

தலைவி, அதுவரை நிறுத்தி வைத்திருந்த எங்கள் பக்கத்து மைக்கைப் போட்டு வாயைத் திறக்கவும் படம் உறைந்துபோய் நிற்கவும் சரியாக இருந்தது. அந்தப் பிள்ளையின் பாதி முகமும் கொடியின் ஒரு மூலையும் அப்படியே நின்றன. பிறகு திரை கறுத்தது.

அந்த ஊரில் இணைப்பு அறுவது புதினமில்லை. ஆனாலும் ஒருவரும் பணிசைத் தொடவில்லை. நான் என் போனை எடுத்து வாட்ஸ்அப்பில் பொறுப்பாளருக்கு எழுதினேன். ‘வெளியே இருக்கும் கொடியை உடனே கழற்றுங்கள். பிறகு கதைப்போம்.’ அனுப்பினேன். ஒரு சரி அடையாளம் மட்டும் விழுந்தது. என்னிடமிருந்து போயிருக்கிறது, அவரிடம் போய்ச் சேரவில்லை.

தலைவி பாதுகாப்பு ஆலோசகர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தார். அந்த வட்டாரத்தில் வருடக்கணக்காக இருந்தவர் அவர். கொடி எவ்வளவு நேரம் தொங்கியது என்று முதலில் கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. அடுத்து அவர் சொன்னதுதான் என்னைப் போட்டு உலுக்கியது. அழைப்பு எடுக்கவேண்டாம், செய்தி அனுப்பவேண்டாம் என்றார். அந்த ஆட்கள் ஏற்கெனவே வந்திருந்தால் முதலில் போன்களைத்தான் வாங்குவார்கள். டென்மார்க் இலக்கத்திலிருந்து வருகிற ஒரு சொல்லே போதும் என்றார்.

நான் அனுப்பியது அங்கே வழியில் எங்கேயோ நிற்கிறது. பொறுப்பாளர் கையில் போய்ச் சேர்ந்தால் அவர்கள் தப்பலாம். வேறு கையில் போய்ச் சேர்ந்தால், கொடி இருந்தது, அதைத் தொங்கவிட்டவர் இவர், சொன்னது டென்மார்க் என்று நானே எழுதிக் கொடுத்தது மாதிரி. அழிக்கலாம். விரலை வைத்தால் அழிந்துவிடும். அழித்தால் அவருக்கு எச்சரிக்கையும் போகாது. நான் படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டு அந்த ஒற்றைச் சரி அடையாளத்தைப் பார்த்தபடியே இருந்தேன்.

கடைசியில் கணவருக்கு எடுத்தேன். அவர் முதியோர் இல்லத்தில் வேலை. வேலை நேரத்தில் நான் கூப்பிடுவதில்லை என்பதால் பயந்துபோய் எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“அழிச்சுப்போட்டால் உமக்கு நிம்மதி வரும். அதுகளுக்கு என்ன வரும்?” என்று கேட்டார்.

“அவங்கள் வாசிச்சுப்போட்டால் என்ன செய்யிறது?”

“அவங்கள் மதிலைப் பார்த்தாலே காணும், உம்மட மெசேஜ் தேவையில்லை. விடும். அழிக்காதையும்.”

மனிதர் சில வேளைகளில் சரியாகக் கதைப்பார். நான் அழிக்கவில்லை. ஆனால் நிம்மதி வரவில்லை. திரும்பி அறைக்குள் போனேன். இரண்டாவது சரி அடையாளம் விழுந்தது. விழுந்த சூட்டிலேயே இரண்டும் நீலமாகின. யாரோ வாசித்துவிட்டார்கள். பதில் இல்லை. சற்று நேரத்தில் பொறுப்பாளரின் படமும் போய்விட்டது, வெறும் சாம்பல் நிற உருவம்தான் இருந்தது. போன் நிறுத்தப்பட்டதா, வேறு யாராவது எல்லாவற்றையும் அழித்தார்களா, ஒன்றும் தெரியவில்லை. வாசித்தது யார் என்ற ஒரே கேள்விதான் என் தலைக்குள் சுற்றியது.

அந்த மத்தியானம் எப்படிப் போனது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. தலைவி அங்கே தெரிந்தவர்களுக்குச் சுற்றிவளைத்து ஆள் அனுப்பப் பார்த்தார். கொடி வைத்தவர் சன்னலோரம் நின்றுகொண்டு தன் கைகளையே பார்த்தார். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. எனக்கு மட்டும் அவரில் கோபம் கோபமாக வந்தது, அவருடைய முகத்தைப் பார்த்ததும் அது வற்றியும் போனது. மேசையில் வெண்ணெய் உருகிக் கிடந்தது. இங்கே வேலை நேரம் முடிந்து தெருவில் சைக்கிள்கள் கூட்டமாகப் போகத் தொடங்கிய நேரத்தில் என் போன் அடித்தது. தெரியாத இலக்கம். அந்த நாட்டு இலக்கம்.

“சிஸ்டர்,” என்று பொறுப்பாளரின் குரல் கேட்டது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் எல்லோருக்கும் முன்னால் அழுதேன். அவர் உயிரோடு இருக்கிறார், பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதைத்தான் முதலில் சொன்னார். பிறகு நடந்ததைச் சொன்னார்.

இணைப்புத் திரும்பி வரும் என்று கொடியை இறக்காமல் காத்திருந்தபோது என் செய்தியை வாசித்தது அவர்தான். வாசித்த கையோடு எல்லோருமாக ஓடிப்போய்க் கொடியை அறுத்து இறக்கினார்கள். காகிதக் கொடிகளையும் மாலையையும் பிய்த்து அடுப்புக்குள் போட்டார்கள். அடுப்பில் விழாவுக்கென்று தேநீர்க் கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. பெரிய துணியை எரிக்க நேரமில்லை, புகையும் வரும். தையல் வகுப்புப் பிள்ளைகள் சிலுவையைக் கிழித்துப் பிரித்தார்கள். சிவப்பைத் துண்டு துண்டாக வெட்டி மெஷின்களுக்குப் பங்கு போட்டார்கள். எல்லோரும் மெஷினில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர் போனில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு நிமிரும்போது வாகனம் வந்து நின்றது.

ஆயுதக்காரர்கள் உள்ளே வந்தார்கள். இங்கே வெளிநாட்டுக் கொடி ஒன்று தொங்கியதாமே என்று கேட்டார்கள். யாரோ கண்டு சொல்லியிருக்கிறார்கள். பொறுப்பாளர் இல்லை என்றார். அறைகளைத் தேடினார்கள். போன்களை வாங்கினார்கள். ஒருவன் மெஷின்களுக்கு நடுவில் வந்து ஒரு சிவப்புத் துண்டைத் தூக்கி இது என்ன என்று கேட்டான். பள்ளிக்கூடப் பை தைக்கிறோம், வெள்ளைத் துணி உள்பக்கத்துக்கு என்று பொறுப்பாளர் சொன்னார். அவன் நம்பவில்லை. வகுப்பிலேயே இளையவளின் முன்னால் போய் நின்றான். காலையில் போனைத் தூக்கிக்கொண்டு திரிந்தவள் அவள்தான். அப்படியென்றால் ஒரு பையை எனக்கு முன்னால் தைத்து முடி என்றான்.

அவள் தைத்தாள். காலால் மிதிக்கும் மெஷின். கால் நடுங்கி மிதி பின்னால் உருண்டு நூல் அறுந்தது. மறுபடி கோத்தாள். அவன் கதிரையை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரில் இருந்தான். அவனுக்கும் அவனோடு வந்தவர்களுக்கும் தேநீர் கொடுத்தார்கள். எங்கள் காகிதக் கொடிகள் எரிந்து கொதித்த தேநீர். பொறுப்பாளர் சுவரோடு நின்றுகொண்டு அவளுடைய கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாராம். பைக்கு வார் வைத்து, உள்துணி வைத்து, வாய் மடித்துத் தைத்து முடித்தாள். அவன் அதை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தான். தையலை இழுத்துப் பார்த்தான். என் மகள் பள்ளிக்கூடம் போகிறாள் என்று சொல்லிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினான். போகும்போது சூரிய மின்சார வகுப்பின் பற்றரிகளையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

இதையெல்லாம் எங்கள் அறையில் எல்லோரும் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான்தான் கேட்டேன். பலகையே வேண்டாம் என்று சொன்னவர் நீங்கள், ஏன் அதை மதிலில் போட்டீர்கள் என்று. கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன் போல.

“பெட்டியில் நீங்கள்தானே அனுப்பினீர்கள்,” என்றார்.

அவருடைய ஊரில் உதவி வந்த இடமெல்லாம் கொடுத்தவரின் கொடி இருக்கிறது. தண்ணீர்த் தாங்கியில், எண்ணெய்த் தகரத்தில், கூடாரத்துச் சீலையில் எல்லாம் யாரோ ஒரு நாட்டின் கொடி. எங்கள் நிலையம் மட்டும்தான் விதிவிலக்கு. ஊசியும் மீற்றரும் கேட்ட பெட்டியில் கேட்காத கொடிகள் மேலாக வந்திருந்ததைப் பார்த்ததும், விதிவிலக்கு முடிந்துவிட்டது என்று அவர் விளங்கிக்கொண்டார். என்னிடம் கேட்கலாமா என்று யோசித்தாராம். கேட்டால், பயப்படுகிறார்கள், நன்றி இல்லாதவர்கள் என்று நினைத்துவிடுவோமோ என்று விட்டுவிட்டாராம். காகிதக் கொடி வீடியோவில் தெரியாது என்று பிள்ளைகளைக் கொண்டு பெரிதாகத் தைப்பித்தார். நித்திரை வராமல் கிடந்து யோசித்து, வீடியோ முடியும்வரை மட்டும் தொங்கட்டும் என்று முடிவெடுத்தார். அடுத்த தொகுதியில் சேருவதற்கு எத்தனையோ பிள்ளைகள் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். எங்கள் உதவி நின்றுவிடக் கூடாது என்று அவர்களை நினைத்துத்தான் மதிலில் ஏற்றினாராம்.

பிறகு அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்.

“சிஸ்டர், கழற்றுவதற்கு முன்னால் உங்கள் ஆட்களுக்குக் கொடி தெரிந்ததா? நாங்கள் அதை வெட்டிவிட்டோம் என்று கோபிப்பார்களா?”

அறையில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. நான் உண்மையைச் சொன்னேன். அது ஒன்றும் இல்லை, நாங்கள் இங்கே பிறந்தநாளுக்கு வைக்கிறது, ஒரு சந்தோஷத்துக்கு வைத்து அனுப்பினது என்றேன். சொல்லும்போதே எனக்கு நாக்கூசியது. அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், வழக்கமாகச் சிரிக்கிற ஆள். சிரிக்கவில்லை. பிறந்தநாளுக்கா என்று மட்டும் கேட்டார். பிறகு களைப்பாக இருக்கிறது, நாளைக்குக் கதைப்போம் என்று வைத்துவிட்டார்.

அன்று ரயிலில் வீட்டுக்கு வரும்போது எனக்கு ஒரு பழைய விஷயம் நினைவு வந்தது. நாங்கள் டென்மார்க்குக்கு வந்த புதிதில், ஜூட்லாந்துப் பக்கத்துச் சின்ன ஊர் ஒன்றில் இருந்தபோது, அகதிகளுக்கு உதவும் ஒரு டேனிஷ் பெண்மணி அம்மாவுக்குப் பீங்கானில் செய்த பன்றிக்குட்டி ஒன்றைக் கொடுத்தார். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, இங்கே அப்படிக் கொடுப்பது வழக்கம். அம்மா வெள்ளிக்கிழமை விரதக்காரி. அந்தப் பெண்மணியின் கார்ச் சத்தம் கேட்டால் போதும், அலுமாரிக்குள் இருந்து பன்றியை எடுத்துச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் துடைத்து வைப்பார். அவர் போனதும் எடுத்து உள்ளே வைப்பார். நாங்கள் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்போம். எங்கள் குடும்பத்தின் வதிவிட அனுமதி எல்லாம் அந்தப் பெண்மணியின் ஒரு சொல்லில்தான் இருக்கிறது என்று அம்மா நம்பியிருந்தார் என்பது அன்றைக்கு, அந்த ரயிலில் இருந்தபோதுதான் எனக்கு விளங்கியது. அந்தப் பெண்மணிக்கு அப்படி ஓர் எண்ணம் கனவிலும் இருந்திருக்காது. நல்லவர். எங்கள் தங்கமான மனிதரைப் போலவே நல்லவர்.

நிலையம் பல மாதம் பூட்டிக் கிடந்தது. ஆயுதக்காரர் வந்த கதை ஊர் முழுக்கப் பரவியதால், படிப்பு முடித்த சில பிள்ளைகளுக்குப் பேசி வைத்திருந்த வேலைகள் கைநழுவிப் போயின. அந்தப் பை தைத்த பிள்ளைக்கு ஒரு விடுதியில் தையல் வேலை சொல்லியிருந்தார்கள், அவர்களும் பயந்து பின்வாங்கிவிட்டார்கள். அவள் இப்போது வீட்டில் இருந்து பை தைத்து விற்கிறாள் என்று கேள்வி. சிவப்பில் தைப்பதில்லையாம். நிலையம் இப்போது வேறு தெருவில், வேறு கேற்றுக்குப் பின்னால், பாதி மெஷின்களோடு நடக்கிறது. வீடியோ எடுக்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டோம். பொறுப்பாளரும் நானும் இன்னும் வாரத்தில் ஒருநாள் கதைக்கிறோம். சிரிப்பு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. ஆனால் முதல் சில மாதங்கள் ஒரு வித்தியாசம் இருந்தது. நான் எதையாவது சாதாரணமாகச் சொன்னாலும், இது செய்ய வேண்டியதா, சும்மா சொல்வதா என்று அவர் நிறுத்திக் கேட்பார். ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சுக்குள் சுருக்கென்றது. கேட்கட்டும், கேட்பதுதான் நல்லது என்று பிறகு பழகிக்கொண்டேன்.

மற்றவர்களுக்கு உதவுகிறோம் என்ற எண்ணத்தில் எனக்கு அதற்கு முன்னால் ஒரு சின்னப் பெருமை இருந்தது. ‘உங்கள் ஆட்களுக்குத் தெரிந்ததா’ என்று அவர் கேட்ட அந்த மாலையில் அது போய்விட்டது. போனது நல்லதுதான். இப்போதெல்லாம் யாருக்கு எதைக் கொடுத்தாலும், வேண்டாம் என்று சொல்ல அவருக்கு நான் ஒரு வழி விட்டிருக்கிறேனா என்று என்னையே ஒருமுறை கேட்காமல் என் கை பெட்டியை மூடுவதில்லை.